நிற்கும் வண்டியின் பேட்டரிக்கு வீட்டுச் சார்ஜரா, கடையின் ஸ்லோ சார்ஜா?

வட சென்னையில் தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்துச் சந்துகளில் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே எடுக்கப்படும் கார்கள் பல நிற்கின்றன. நான் பார்த்தவரை இவற்றின் பேட்டரிகள் ஓடித் தேய்வதில்லை, நின்றே கெடுகின்றன. அதைத் தடுக்க வாரம் ஒருமுறை இஞ்சினை ஓடவிடலாம், நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைக்கலாம், பேட்டரிக் கடையில் ஸ்லோ சார்ஜ் (குறைந்த ஆம்பியரில் மெதுவாக ஏற்றுவது) போடலாம், அல்லது வீட்டிலேயே பராமரிப்புச் சார்ஜரை மாட்டி வைக்கலாம்.

முதல் வழியைப் பலரும் நம்புகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பூட்டி நிறுத்திய காரிலும் அலாரமும் இஞ்சினின் கணினியும் சிறிது மின்சாரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அது 30 மில்லி ஆம்பியர் என்று கொண்டாலும் ஒரு மாதத்தில் ஏறத்தாழ 22 ஆம்பியர் மணி போய்விடும். 40 ஆம்பியர் மணி பேட்டரியில் அது பாதிக்கு மேல். வாரத்துக்குப் பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே, அதுவும் ஏசி போட்டபடி, ஓடவிடுவது இந்த இழப்பை ஈடுகட்டாது. நெகட்டிவ் ஒயரைக் கழற்றுவது செலவில்லாத நல்ல வழிதான். ஆயினும் பேட்டரி தனக்குள்ளேயே இறங்குவதை அது நிறுத்தாது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த இறக்கம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையில்தான். ஈய அமில பேட்டரி இறங்கிய நிலையில் கிடந்தால் தகடுகளில் படியும் ஈய சல்பேட் நாளடைவில் கெட்டியான படிகங்களாக மாறி, பிறகு சார்ஜ் ஏற்றினாலும் கரைய மறுக்கும். பராமரிப்புச் சார்ஜரின் சிறப்பு, அந்த நிலை வரவே விடாததில் இருக்கிறது. 14.4 வோல்ட் வரை ஏற்றி நிரப்பிய பின் தானாக 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கி, கசியும் அளவை மட்டும் ஈடுசெய்துகொண்டு இருக்கும். பழைய டிரான்ஸ்பார்மர் சார்ஜருக்கு இந்த அறிவு கிடையாது. அதை இரண்டு நாள் மறந்துபோய் மாட்டிவைத்து, டிஸ்டில்டு வாட்டர் வற்றித் தகடுகள் வெளியே தெரிந்த ஒரு பேட்டரியை நானே இழந்திருக்கிறேன். வாங்கும்போது வெப்பத்துக்கேற்ப வோல்ட்டைக் குறைக்கும் வசதி உள்ளதா என்று அவசியம் பார்க்க வேண்டும்: 25 டிகிரியில் 13.5 வோல்ட் பொருத்தம் என்றால், மே மாத வெயிலில் 40 டிகிரி தொடும் பேட்டரிக்கு 13.2 வோல்ட்டே போதும்.

ஆனால் ஏற்கெனவே செத்துப்போன பேட்டரியை உயிர்ப்பிப்பதில் கடையே மேல் என்பது என் கணிப்பு. சார்ஜர் பெட்டியில் எழுதியிருக்கும் 'பல்ஸ்' முறை, அதாவது மின்சாரத்தை விட்டுவிட்டுத் துடிப்புகளாகச் செலுத்துவது, சல்பேட் லேசாகப் படிந்த பேட்டரிக்குச் சில நேரம் உதவும். மாதக்கணக்கில் 11 வோல்ட்டில் கிடந்ததற்கு அவ்வளவாக உதவாது. கடைக்காரர் பேட்டரியின் திறனில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் இரவு முழுவதும் ஏற்றி, ஆறு செல்லிலும் அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்ப்பார், ஐந்தில் 1.250 காட்டி ஒன்றில் மட்டும் 1.150 காட்டினால் அந்தச் செல் போய்விட்டது என்று அங்கேயே தெரிந்துவிடும். முழு சார்ஜுக்குப் பின்னும் மல்டிமீட்டர் 10.5 வோல்ட்டையே காட்டினாலும் பொருள் அதுதான். அப்போது எக்ஸ்சேஞ்சில் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஈயத்துக்காகப் பழையதற்கும் ஒரு விலை கிடைக்கும். அதிக ஆம்பியரில் வேகமாக ஏற்றும் குவிக் சார்ஜ் மட்டும் வேண்டாம் என்று முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். அது தகடுகளைச் சூடாக்கிக் கெடுக்கும்.

நம் பகுதியில் சார்ஜருக்கு உள்ள பெரிய தடை இடம். வண்டி தெருவில், பிளக் மாடியில். பைக் பேட்டரி சிறியது, கழற்றி மேலே கொண்டுபோகலாம். ஆனால் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் சமையலறையிலோ மூடிய அறையிலோ வைக்கக் கூடாது. கார் பேட்டரியை வாரந்தோறும் தூக்கிக்கொண்டு படியேற யாராலும் இயலாது. அத்தகையோர் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, மாதம் ஒருமுறை மல்டிமீட்டரில் பார்த்து, 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் கடைக்குக் கொண்டுபோவதே நடைமுறைக்கு ஏற்றது. கடல் காற்றில் டெர்மினல் பூத்துப்போகாமல் வாசலின் தடவிவைப்பது எந்த வழியைத் தேர்ந்தவர்க்கும் பொருந்தும். தரைத்தள வீட்டில் சார்ஜரைத் தரையில் வைத்திருப்பவர்கள் ஐப்பசி பிறக்கும் முன் அதைச் சுவரில் உயரமாக மாட்டிவிட வேண்டும். வியாசர்பாடி, புளியந்தோப்புத் தெருக்களில் மழைநீர் எவ்வளவு விரைவாக வாசல் ஏறும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.