1972 செவ்ரோலே சி10: ஸ்பிண்டிலுக்குக் கொடுத்த பணம் தகும், ஸ்பிரிங்குக்குத் தகாது

என் பழைய பிக்கப்பைத் தாழ்த்தியது அழகுக்காக அல்ல. வளைவில் அது படகைப் போல் சாய்வதைச் சகிக்க முடியவில்லை. டெக்சாஸில் இந்த வண்டிக்கு உதிரி பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. முன்பக்கத்தை இரண்டரை அங்குலமும் பின்பக்கத்தை நான்கு அங்குலமும் இறக்கும் செட் ஒன்றை வரவழைத்து, வீட்டு ஷெட்டிலேயே மாட்டினேன்.

முன்சக்கரத்தை மாட்டும் பாகமான ஸ்பிண்டிலைத் தயங்காமல் பாராட்டுவேன். சக்கரம் சுழலும் முனையை அதில் மேலே ஏற்றி அமைத்திருக்கிறார்கள். அதனால் பழைய ஸ்பிரிங்கை மாற்றாமலேயே வண்டி இறங்குகிறது, ஸ்பிரிங் அமுங்கும் தூரமும் குறைவதில்லை. 1971 முதல் முன்பக்கம் டிஸ்க் பிரேக் என்பதால் என்னுடையது அப்படியே பொருந்தியது. அதற்கு முந்தைய டிரம் பிரேக் வண்டி என்றால் பிரேக்கையும் மாற்றும் செலவு சேரும். கழற்றும்போது ஸ்பிரிங்கைத் தாங்கும் கீழ்க்கரத்துக்கு அடியில் ஜாக் அசையாமல் நிற்க வேண்டும். ஸ்பிரிங்கை ஒரு சங்கிலியால் சேஸியோடு பிணைத்துவிடுங்கள். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே கொன்றுவிடும். செட்டோடு வந்த ஒற்றைத் தாளில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதும் இல்லை. பழைய தொழிற்சாலைக் கையேடுதான் கைகொடுத்தது.

பின்பக்கத்தை இறக்கும் குட்டை ஸ்பிரிங்தான் ஏமாற்றம். அடிப்படை வடிவமைப்பு அருமையானது: பின் அச்சை இரண்டு நீண்ட கரங்கள் சேஸியோடு இணைக்கும் இந்த அமைப்பைத்தான் அமெரிக்காவின் நாஸ்கார் கோப்பைப் பந்தயக் கார்கள் 2021 வரை பயன்படுத்தின. ஆனால் நான்கு அங்குலம் இறங்கியதும் அச்சைக் குறுக்கே பிடித்திருக்கும் குட்டையான பானார்ட் ராட் அதை ஒரு பக்கமாக இழுத்துவிடுகிறது. ஒரு சக்கரம் உள்ளே, மற்றது வெளியே. சரிசெய்யக்கூடிய நீளமான ராட் செட்டில் இல்லை. அதே நிறுவனம் அதைத் தனியாக விற்கிறது! இது எனக்கு வியாபார நேர்மையாகத் தெரியவில்லை.

காலியாகப் போகும்போது குறை சொல்ல முடியாது. வாயு நிரப்பிய புதிய ஷாக் அப்சார்பர்கள் நெடுஞ்சாலை இணைப்புகளில் வண்டியைத் துள்ளவிடுவதில்லை, சாய்வும் பாதியாகிவிட்டது. தோட்டத்துக்கு மண்மூட்டைகளை ஏற்றினால் மட்டும் ஒவ்வொரு பள்ளத்திலும் அச்சு ரப்பர்க் கட்டையில் இடிக்கிறது. சுமை ஏற்றுபவர்கள் ஸ்பிண்டிலையும் ஷாக்கையும் தனித்தனியாக வாங்கி, பின்பக்கம் இரண்டு மூன்று அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீல் அலைன்மென்ட்டுக்கும் கொஞ்சம் பணம் எடுத்துவையுங்கள். அதை வீட்டில் செய்ய முடியாது.