"வாழ்வின் நோக்கம்" சொல்லும் டாரட் வாசிப்பு: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

டாரட் கார்டு (படம் போட்ட சீட்டுகளை எடுத்து வைத்துப் பலன் சொல்வது) பார்ப்பவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை. "நீங்கள் எதற்காகப் பிறந்தீர்கள்" என்ற பெயரில் விற்கப்படும் ஒரு வகை வாசிப்பைப் பற்றி மட்டும்தான் இந்தப் பதிவு. வேலை போனவர்கள், உறவு முறிந்தவர்கள், நெருங்கிய ஒருவரைப் பறிகொடுத்தவர்கள், எல்லாம் நன்றாக இருந்தும் எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பவர்கள், இவர்களைத்தான் அந்த விளம்பரம் தேடி வரும். முதல் வாசிப்புக்கு அவர்கள் கேட்கும் தொகையைப் பார்த்து "இவ்வளவுதானே" என்று நினைக்கத் தோன்றும். அது சின்னத் தொகைதான். பணம் கரைவது அதற்குப் பிறகு.

அப்படி ஒரு வாசிப்புக்கு நானும் பதிவு செய்தேன். செய்ததும் எனக்கு ஒரு படிவம் வந்தது. பெயர், பிறந்த தேதி எல்லாம் வழக்கமானவை. அதற்குக் கீழே, இப்போது உங்களை அதிகம் வாட்டுவது எது, சின்ன வயதில் எதைச் செய்யும்போது நேரம் போனதே தெரியாது, யாரிடம் பேசாமல் விட்டது இன்னும் உறுத்துகிறது என்று கேள்விகள். நல்ல கேள்விகள் என்றுதான் இன்றும் சொல்வேன். விரிவாகவே எழுதினேன். கணக்குப் பிரிவு வேலையில் வந்த சலிப்பு, பாதியில் நின்றுபோன ஓவியம், அப்பாவின் மறைவு, அதற்குப் பின் அண்ணனோடு பேச்சு அறுந்துபோனது, எல்லாம்.

வாசிப்பு வீடியோ அழைப்பில் நடந்தது. "ரெக்கார்டு பண்ணாதீங்கம்மா, எனர்ஜி கலைஞ்சிடும்" என்றார் கார்டு பார்த்தவர். சரியென்று குறிப்பு மட்டும் எடுத்துக்கொண்டேன். முதலில் வந்தது "கோப்பைகள் எட்டு" என்ற கார்டு. அடுக்கி வைத்த எட்டுக் கோப்பைகளுக்கு முதுகைக் காட்டி ஒருவர் மலைப்பக்கம் நடந்து போகும் படம். "நீங்க விட்டுட்டுப் போக நினைக்கிற இடம் ஒண்ணு இருக்கு. அது வேலையா இருக்கலாம்" என்றார். அடுத்து ஹெர்மிட் (துறவி), கையில் விளக்குடன் தனியே நிற்கும் கிழவர். "ஒரு தந்தை உருவம் தெரியுது. அவர் இப்போ இல்லைன்னு நினைக்கிறேன், சரியாம்மா?" எனக்கு அழுகை வந்துவிட்டது. அழைப்பு முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் "எப்படி இருந்ததுன்னு நாலு வரி எழுதி அனுப்புங்க" என்று செய்தி வந்தது. மனம் நெகிழ்ந்து எழுதி அனுப்பினேன். இந்த நாலு வரியை நினைவில் வையுங்கள்.

பிற்பாடு என் குறிப்புகளையும் அந்தப் படிவத்தின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என்னை உலுக்கிய ஒவ்வொரு வரியும் நான் எழுதிக் கொடுத்தது. படிவத்தில் இல்லாத ஒன்றையாவது சொன்னாரா என்று தேடினால் மிஞ்சியது இரண்டு மூன்று வாக்கியங்கள். "வெளியில தைரியமாத் தெரிவீங்க, உள்ளுக்குள்ள நிறைய சந்தேகம்." "உங்க திறமையில பெரும்பகுதியை நீங்க இன்னும் தொடவே இல்லை." இதையெல்லாம் கேட்டு "இல்லையே" என்று சொல்லக்கூடிய மனிதர் யாராவது இருக்கிறாரா?

இந்த இரண்டு வாக்கியங்களின் கருத்தும் 1948-லேயே சோதித்துப் பார்க்கப்பட்டது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் வகுப்பு மாணவர்களுக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்தார். பின்பு ஒவ்வொருவருக்கும் "இது உனக்கான முடிவு" என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4-க்கும் மேல். எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வரிகளைப் பெரும்பாலும் கடையில் விற்கும் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். வெளியே கட்டுப்பாடு, உள்ளே கலக்கம் என்பதும் அந்தத் தாளில் உண்டு, பயன்படுத்தாத திறமை நிறைய இருக்கிறது என்பதும் உண்டு.

இதுவரை நடந்ததை நான் மோசடி என்று சொல்லமாட்டேன். அழுதுவிட்டு, அண்ணனுக்கு ஒரு போன் போட்டுவிட்டு, அத்தோடு முடிந்திருந்தால் கொடுத்த காசுக்குக் குறைவில்லை. விஷயம் கடைசிக் கார்டில் திரும்பியது.

கடைசியாக வந்தது டெவில் (சாத்தான்) கார்டு. கொம்பு முளைத்த உருவம் மேலே, கீழே ஓர் ஆணும் பெண்ணும் கழுத்தில் சங்கிலியோடு. அவர் குரலே மாறியது. "உங்க நோக்கம் எனக்குத் தெளிவாத் தெரியுதும்மா. ஆனா இப்போ சொன்னா உங்களுக்கு வேலை செய்யாது. இந்தச் சங்கிலி இருக்கே, இது உங்க அப்பா வழியில வந்த கர்ம பந்தம். இதை அறுக்காம நீங்க என்ன செஞ்சாலும் பாதியிலதான் நிக்கும்." ஓவியம் பாதியில் நின்றதைப் படிவத்தில் எழுதியிருந்தேன் அல்லவா, அது இங்கே பயன்பட்டது. பந்தம் அறுக்கத் தனி அமர்வு. அதற்குக் கட்டணம் முதல் வாசிப்பைப் போலப் பல மடங்கு.

அந்த அமர்வுக்குப் பிறகு நோக்கத்தைச் சொன்னாரா? இல்லை. அறுத்த இடத்தில் "காயம்" இருக்கிறது, அது ஆற ஒரு தொடர் அமர்வு என்றார். அதற்கும் கட்டிய பிறகு, காயம் என்னுடையது மட்டுமல்ல, அம்மாவுக்கும் "ஒட்டியிருக்கிறது" என்றார். அம்மாவின் பிறந்த தேதியையும் புகைப்படத்தையும் கேட்டார். நான் தயங்கியதும் வந்த பதில் இது: "பாதியில நிறுத்தினா திறந்த கதவு மாதிரிம்மா. அப்புறம் வீட்டுல யாருக்காவது ஏதாவது ஆனா நான் பொறுப்பில்ல." வேலை முடியும்வரை யாரிடமும் இதைப் பற்றிப் பேசக் கூடாது என்றும் சொன்னார். பேசினால் பலன் குறையுமாம். பேசினால் யாராவது தடுத்துவிடுவார்கள் என்பதுதான் அதன் பொருள்.

இதைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டிய திருப்பம் இதுதான். "உங்களிடம் இது தெரிகிறது" என்று பேசிக்கொண்டிருப்பவர், எந்த நொடியில் "இதை நான் எடுத்துவிடுகிறேன்" என்று பேசத் தொடங்குகிறாரோ, அங்கே வாசிப்பு முடிந்துவிட்டது. அதற்கு மேல் நடப்பது வேறு வியாபாரம். நோக்கம் என்ற கேள்வி அதற்கு அவ்வளவு தோதானது. கல்யாணம் எப்போது, வேலை எப்போது என்று கேட்டால் சொன்னது நடந்ததா இல்லையா என்று ஒருநாள் தெரிந்துவிடும். நோக்கத்துக்கு அப்படி ஒரு நாளே வராது. விடையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகலாம், ஒவ்வொரு தள்ளலுக்கும் கட்டணம் வாங்கலாம்.

அந்த டெவில் கார்டைப் பிறகு பெரிதாக்கிப் பார்த்தேன். கழுத்துச் சங்கிலிகள் தொளதொளவென்று கிடக்கின்றன, தலைவழியே தாங்களே கழற்றிவிடும் அளவுக்கு. டாரட் படித்தவர்கள் இந்தக் கார்டுக்குப் பொதுவாகச் சொல்லும் விளக்கமே அதுதான்: கட்டு இருப்பதாக நினைக்கிறாய், நினைத்தால் நீயே கழற்றலாம். என்னிடம் பணம் கேட்கக் காட்டிய படமே அவர் சொன்னதற்கு எதிர்ச்சாட்சியாக இருந்தது.

"இது எகிப்தோட பழைய ஞானம்" என்றும் அடிக்கடி சொல்வார். அதையும் தேடிப் படித்தேன். டாரட் 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் சீட்டாட்டமாகத் தொடங்கியது. பிரான்சிலும் ஆஸ்திரியாவிலும் இன்றும் அதை வெறும் சீட்டாட்டமாக ஆடுகிறார்கள். எகிப்துக் கதையை 1781-இல் கிளப்பியவர் அந்துவான் கூர் த ஜெபலின் என்ற பிரெஞ்சுக்காரர். எகிப்தியப் பட எழுத்துகளின் புதிரை ஷாம்போலியன் என்ற பிரெஞ்சு அறிஞர் அவிழ்த்ததோ 1822-இல். அதாவது, எகிப்திய எழுத்தை யாரும் படிக்கத் தெரியாத காலத்தில் சொன்ன கதை. என் முன்னால் அவர் பரப்பிய சீட்டுக்கட்டு அதைவிடவும் இளையது. 1909-இல் லண்டனில் வெளியானது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் திட்டமிட, படங்களை வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். ஒவ்வொரு கார்டின் மூலையிலும் அவருடைய குறியீடு சின்னதாக இருக்கும். பெரிய வேலையை முடித்தேன், கிடைத்த காசு மிகக் கொஞ்சம் என்று அவர் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். வரைந்தவருக்குக் கிடைக்காத பணமெல்லாம் இப்போது யார் யாருக்கோ போகிறது.

எனக்கு அதிகக் கோபம் வந்தது "ஆன்மா கார்டு" விஷயத்தில். பிறந்த தேதியின் இலக்கங்களைக் கூட்டி, 22-க்குள் அடக்கி, அந்த எண்ணுள்ள பெரிய கார்டுதான் உன் பிறவிப் பயன் என்று ஒரு கணக்கு. (78 கார்டுகளில் 22 பெரியவை, 56 சிறியவை.) எனக்கு வந்த எண் 8. அவர் சீட்டுக்கட்டில் 8 என்பது ஸ்ட்ரென்த் (வலிமை), சிங்கத்தின் வாயை மென்மையாகப் பிடித்திருக்கும் பெண். "பொறுமையால ஜெயிக்கப் பிறந்தவங்க நீங்க" என்றார். ஆனால் அதற்கு முந்தைய பிரெஞ்சு மார்செய் கட்டுகளில் 8-ஆம் எண் ஜஸ்டிஸ் (நீதி), வாளும் தராசும் ஏந்தியவள். ஸ்ட்ரென்த் அங்கே 11. வெயிட் தன் கட்டில் அந்த இரண்டையும் இடம் மாற்றிவிட்டார். ஆக, அதே தேதியில் பிறந்த நான் வேறொரு கட்டு வைத்திருப்பவரிடம் போயிருந்தால், பொறுமைக்குப் பதிலாக நியாயத்துக்காகப் போராடப் பிறந்தவளாகியிருப்பேன். அண்ணனோடு சொத்துத் தகராறில் இருக்கும் ஒருவர் இதைக் கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மாற்றிச் சொன்னாலும் நம்புவோமா என்றால், நம்புவோம். உளவியலாளர் ரே ஹைமன் இளம் வயதில் காசுக்காகக் கைரேகை பார்த்துவந்தார். தன் வாசிப்பு பலிக்கிறது என்று அவரே நம்பினார். ஸ்டான்லி ஜாக்ஸ் என்ற நண்பர், வேண்டுமென்றே ரேகை சொல்வதற்கு நேர்மாறாகச் சொல்லிப் பார் என்றார். சொன்னார். வந்தவர்கள் முன்பைப் போலவே திருப்தியாகப் போனார்கள். ரேகையைப் பொருத்திக்கொண்டது பார்த்தவர் இல்லை, கை நீட்டியவர்கள்தான்.

இத்தனைக்கும் பிறகும் டாரட் கார்டுகள் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. ஒரு படத்தை முன்னால் வைத்துக்கொண்டு தன்னைப் பற்றிப் பேசுவது சிலருக்கு எளிதாக இருக்கிறது, எனக்கும் இருந்தது. ஒழுங்காகச் செய்பவர்களும் உண்டு. அவர்கள் படிவத்தில் உங்கள் கதையை முன்கூட்டியே கேட்கமாட்டார்கள், பதிவு செய்துகொள்ளுங்கள் என்பார்கள், உங்கள் உடல்நலம், சாவு, வீட்டார் தலைவிதி பற்றி வாய் திறக்கமாட்டார்கள், அடுத்த அமர்வுக்கு அவர்களே அழைக்கமாட்டார்கள். போயே ஆகவேண்டும் என்றால் படிவத்தில் பெயரைத் தவிர எதையும் எழுதாமல் போங்கள். என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கலாம். மனம் தாங்காத அளவுக்குப் பாரம் இருந்தால் மனநல ஆலோசகரிடம் போங்கள். அங்கே குறைந்தபட்சம் உங்கள் அம்மாவின் புகைப்படத்தைக் கேட்கமாட்டார்கள்.

இன்னொன்று. பெயர் பெற்ற டாரட் பக்கங்களின் பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் போலிக் கணக்கு தொடங்கி, "உங்கள் முன்னோர்களிடமிருந்து ஒரு செய்தி வந்திருக்கிறது" என்று இன்பாக்ஸில் வருபவர்கள் தனிக் கூட்டம். தானாக வந்து வாசிப்பு தருகிறேன் என்பவர் யாராக இருந்தாலும் பதில் சொல்லாமல் புகார் செய்துவிடுங்கள்.

பணம் விஷயம். திருப்பிக் கேட்டபோது "எனர்ஜி கொடுத்தாச்சு, திரும்ப வராது" என்றார். வங்கிக் கார்டு வழியாகக் கட்டியிருந்ததால் வங்கியில் முறையிட்டேன். நடந்துமுடிந்த அமர்வுகளுக்கான தொகையை வங்கி திருப்பவில்லை. சேவை கிடைத்துவிட்டது என்பது அவர்கள் வாதம். முன்கூட்டியே கட்டி, நடக்காமல் போன தொடர் அமர்வுகளின் தொகை மட்டும் திரும்பி வந்தது. உரையாடல் முழுவதையும் சேமித்து வைத்திருந்தது அங்கேதான் உதவியது. அவர் பல செய்திகளைப் பிறகு தன் பக்கத்திலிருந்து அழித்துவிட்டார். அதனால் நீங்கள் இப்போது யாரிடமாவது இப்படிச் சிக்கியிருந்தால், சண்டை போடுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். நேரடிப் பணமாற்றமாகவோ பரிசு வவுச்சராகவோ கேட்டால் கொடுக்காதீர்கள், அதை மீட்பது இன்னும் கடினம்.

அழைப்பு முடிந்த கையோடு நான் எழுதி அனுப்பிய அந்த நாலு வரி, என் பெயரை மட்டும் மறைத்துவிட்டு, இன்னும் அவர் பக்கத்தில் முதல் பாராட்டாக நிற்கிறது. நீக்கச் சொல்லிக் கேட்டேன், நீக்கவில்லை. "அப்பாவே நேரில் வந்து பேசியது போல இருந்தது" என்று தொடங்கும் ஒன்றை எங்காவது பார்த்தால், அது டெவில் கார்டின் கட்டணம் வருவதற்கு முன்னால் எழுதியது.