பூட்டு, கேமரா, விளக்கு, நாய்: குறைந்த செலவில் எது வீட்டைக் காக்கும்?

எங்கள் வீட்டில் திருட்டு நடந்த அன்று பூட்டு உடையவே இல்லை. வாசலில் கிடந்த தொங்குபூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன், பூட்டியபடியே இருந்தது. கொண்டியும் அதோடு சேர்ந்து வந்திருந்தது. கொண்டியைக் கதவில் பிடித்திருந்த நான்கு ஸ்க்ரூக்கள்தான் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்திருந்தன. ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் நீளம். விலை கூடிய பூட்டாகத் தேடி வாங்கியிருந்தோம். அதைத் தாங்கும் ஸ்க்ரூவை யாரும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து, வீட்டுக் காவலுக்கென்று எதை வாங்குவதானாலும் இரண்டு கேள்விகளை வைத்தே எடை போடுகிறேன். உள்ளே வர நினைப்பவனை இது எவ்வளவு நேரம் வெளியே நிறுத்தும்? அந்த நேரத்தில் அவன் யார் கண்ணிலாவது, காதிலாவது படுவானா? வீடு புகுந்து திருடுபவர்களில் பெரும்பாலோர் ஆள் இல்லாத வீட்டைத் தேடுகிறவர்கள், சுலபமான வழியை எடுக்கிறவர்கள். அவர்களுக்கு வேண்டியது கொஞ்ச நேரமும் கொஞ்சம் மறைவும். இந்த இரண்டையும் எது குறைக்கிறதோ அதற்குத்தான் முதலில் செலவு செய்ய வேண்டும்.

தொங்குபூட்டா, கதவுக்குள் பதிக்கும் பூட்டா?

தொங்குபூட்டுக்கு நல்ல குணங்கள் உண்டு. மலிவு, மாட்டுவது சுலபம், கெட்டால் மாற்றிவிடலாம். ஆனால் வாசலில் தொங்கும் பூட்டு, வீட்டில் ஆள் இல்லை என்பதைத் தெருவில் போகிற வருகிற எல்லோருக்கும் சொல்கிறது. கதவுக்குள் பதித்த பூட்டு அதைச் சொல்லாது. உள்ளே யாராவது தூங்குகிறார்களா, வெளியூர் போயிருக்கிறார்களா என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே முன்கதவுக்கு உள்பூட்டுதான் என் தேர்வு. தொங்குபூட்டைச் சுற்றுச்சுவர்க் கேட்டுக்கும் மொட்டை மாடிக் கதவுக்கும் வைத்துக்கொள்ளலாம். அங்கேயும் கொண்டியை முழு நீள போல்ட் போட்டு, கதவின் மறுபக்கம் நட்டு வைத்து முறுக்க வேண்டும். கொண்டியை மடித்துப் பூட்டிய பிறகு ஸ்க்ரூவின் தலை வெளியே தெரிந்தால், திருடனுக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும்.

உள்பூட்டிலும் இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் நைட் லாட்ச் ஒன்று. அதன் நாக்கு சரிவாகச் செதுக்கப்பட்டு ஸ்பிரிங்கில் நிற்கும். கதவிடுக்கில் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை நுழைத்து அந்தச் சரிவைத் தள்ளினால் பல நேரம் திறந்துவிடும். இன்னொன்று சாவியைத் திருப்பினால் மட்டும் நாக்கு வெளியே வரும் டெட்போல்ட். நாக்கு சதுரமாக இருக்கும், பின்னால் ஸ்பிரிங் கிடையாது, அட்டையால் தள்ள முடியாது. நாக்கு 25 மில்லிமீட்டராவது வெளியே வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டில் நைட் லாட்ச் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதைக் கழற்ற வேண்டாம், அதற்கு மேலேயோ கீழேயோ ஒரு டெட்போல்ட் சேர்த்தால் போதும்.

சாவி இல்லாமல் கம்பியை விட்டுப் பூட்டைத் திறந்துவிடுவார்களோ என்று பலர் பயப்படுகிறார்கள், அதற்காக விலை கூடிய பூட்டுகளைத் தேடுகிறார்கள். 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியின்போது ஏ.சி. ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு நிபுணர், அந்தக் காலத்தில் யாராலும் திறக்க முடியாது என்று பெயர் வாங்கியிருந்த இரண்டு பூட்டுகளைத் திறந்து காட்டினார். சப் என்ற கம்பெனியின் பூட்டுக்கு 25 நிமிடம் ஆனது. பிராமா என்ற கம்பெனியின் பூட்டுக்கு 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் ஆனது. தேர்ந்த கைகளுக்கே இவ்வளவு நேரம் பிடித்தது என்பதுதான் நமக்குப் பயன்படும் செய்தி. வீடு புகுந்து திருடுகிறவன் அந்த வித்தையைக் கற்று, வாசலில் நின்று பொறுமையாகக் கம்பியை ஆட்டிக்கொண்டிருக்க மாட்டான். ஒன்று, பூட்டாமல் விட்ட கதவு அல்லது ஜன்னல் வழியாக வருவான். இல்லை, நெம்புவான், உதைப்பான்.

உதைத்தால் பெரும்பாலும் முதலில் போவது கதவைத் தாங்கும் நிலைச்சட்டம்தான், பூட்டு பிறகுதான். பூட்டின் நாக்கு போய் உட்காரும் குழியைச் சுற்றி நிலையில் ஒரு சின்னத் தகடு இருக்கும். பெரும்பாலான வீடுகளில் அந்தத் தகட்டை இரண்டு குட்டை ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கும். உதையின் மொத்த வேகமும் அந்த இரண்டு ஸ்க்ரூ பிடித்திருக்கும் மெல்லிய மரப்பட்டையில் வந்து இறங்கும், மரம் பிளந்துவிடும். அவற்றைக் கழற்றிவிட்டு 75 மில்லிமீட்டர் ஸ்க்ரூ போட்டால் அது நிலையின் ஆழத்துக்கோ பின்னால் உள்ள சுவருக்கோ போய்ப் பிடிக்கும். முடிந்தால் தகட்டையும் நீளமானதாக, நான்கைந்து ஓட்டை உள்ளதாக மாற்றிவிடுங்கள். கீல்களுக்கும் இதே வைத்தியம்தான். கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால் கீலின் ஊசி வெளியே தெரியும், அதைத் தட்டி எடுத்துவிடலாம். கீல் ஒட்டியிருக்கும் பக்கத்தில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே ஒரு தடித்த ஆணியைப் பாதி வெளியே நிற்கும்படி அடித்து, எதிர்ப்பக்கம் அது நுழைய ஓட்டை போட்டுவிட்டால், ஊசி போனாலும் மூடிய கதவு நகராது. ஒரு தச்சருக்கு அரை நாள் வேலைகூட இல்லை. புது ஸ்மார்ட் பூட்டு வாங்குகிற பணத்தில் வீட்டின் எல்லாக் கதவுகளுக்கும் இதைச் செய்துவிடலாம். செல்பேசியில் திறக்கும் பூட்டும் அதே நிலையில்தானே போய் உட்காருகிறது?

உள்ளிருந்தும் சாவி போட்டுத்தான் திறக்க முடியும் என்ற வகைப் பூட்டு பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடியை உடைத்துக் கைவிட்டுத் திறப்பதை அது தடுக்கும், உண்மைதான். ஆனால் இரவில் தீப்பிடித்தால் இருட்டில், புகையில், சாவியைத் தேட வேண்டியிருக்கும். ஆட்கள் தூங்கும் வீட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேமராவா, கதவுக் காந்த அலாரமா?

திருட்டு நடந்ததும் நாங்கள் முதலில் வாங்கியது கேமரா. பயத்தில் எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள். அப்போது எனக்குத் தெரியாத ஒரு கதையை இப்போது சொல்கிறேன். 1966-இல் நியூயார்க்கில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற செவிலியர் வீட்டுக்கான கண்காணிப்பு அமைப்பு ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1969-இல் அது கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரத்தில் துளைகள், அவற்றின் வழியே பார்க்கும் கேமரா, உள்ளே ஒரு திரை, வெளியே நிற்பவரோடு பேச மைக், ஆபத்தென்றால் அழுத்த ஒரு பொத்தான். வாசலில் நிற்பவர் யார் என்று கதவைத் திறப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய தேவை. அந்தக் கேமராவுக்குப் பின்னால் எப்போதும் ஒரு மனிதர் இருந்தார். இன்று நாம் மாட்டுகிற கேமராக்களில் பலவற்றுக்குப் பின்னால் யாரும் இல்லை. காலையில் எழுந்து, இரவு என்ன போயிற்று என்று பார்க்கத்தான் உதவுகிறது. தொப்பியும் முகமூடியும் போட்டவனின் முதுகு அதில் தெளிவாகத் தெரியும்.

கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில், வாசலில் நிற்பவரைப் பார்த்துப் பேசும் கேமரா மிகவும் உதவும். வாங்கினால் சில விஷயங்களைக் கவனியுங்கள். பதிவு கேமராவுக்குள் உள்ள மெமரி கார்டில் மட்டும் இருந்தால், கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போகிறவன் சாட்சியையும் கொண்டுபோகிறான். மின்சாரம் போனால் ரவுட்டரும் போகும், அதோடு கேமராவும் குருடாகும். ரவுட்டருக்கு ஒரு சின்ன பேட்டரி அவசியம். கம்பெனி கொடுத்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள். 2016-இல் மிராய் என்ற தீநிரல், அதாவது கெடுதல் செய்ய எழுதிய கணினி நிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது.

காந்த அலாரம் பார்க்கச் சாதாரணமான சாமான். ஒரு துண்டு கதவில், இன்னொரு துண்டு நிலையில் ஒட்டுவார்கள். ஒன்றில் காந்தம், மற்றதில் பேட்டரியும் ஒலிப்பானும். கதவு திறந்து காந்தம் விலகியதும் கத்தத் தொடங்கும். வைஃபை வேண்டாம், சந்தா வேண்டாம், ஒரு கேமராவின் விலையில் பல கதவுக்கும் ஜன்னலுக்கும் ஒட்டலாம். திருடன் உள்ளே கால் வைக்கும் அந்த நொடியிலேயே அது வேலை செய்கிறது என்பதால், என் இரண்டாவது கேள்விக்குக் கேமராவைவிட இதுவே நல்ல பதில். குறையும் உண்டு. சத்தம் கேட்க அருகில் ஆள் இருக்க வேண்டும், தனித்து நிற்கும் வீட்டில் அது வெறும் இரைச்சல். பேட்டரியை மாதம் ஒரு முறை சோதிக்க வேண்டும். இரவில் வீட்டில் ஆட்கள் தூங்கும்போதுதான் இதன் முழுப் பயன்.

பொம்மைக் கேமராவுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். கம்பி இல்லாமல் சிவப்பு விளக்கு மட்டும் விட்டு விட்டு எரிவதைப் பார்த்தே பழகியவன் கண்டுபிடித்துவிடுவான். உண்மையான அலாரம் இருந்தால் அதை வாசலில் ஒரு பலகையில் எழுதி வைப்பது வேறு விஷயம், அதைச் செய்யலாம். அமெரிக்காவில் வட கரோலினா, கென்டக்கி, ஒஹையோ சிறைகளில் இருந்த, வீடு புகுந்து திருடிய 422 பேரிடம் நடத்திய ஆய்வில், பெரும்பாலோர் அலாரம் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம் என்றும், பாதிக்கு மேற்பட்டோர் இருந்தால் வேறு இடம் தேடுவோம் என்றும் சொன்னார்கள்.

எப்போதும் எரியும் விளக்கா, ஆள் வந்தால் எரியும் விளக்கா?

இதில் எனக்குக் குழப்பமே இல்லை. பகலிலும் அணையாமல் எரியும் வாசல் விளக்கு, ஊரில் ஆள் இல்லை என்பதற்கு இன்னொரு அறிவிப்பு. அசைவைக் கண்டு எரியும் விளக்கு திடீரென்று வெளிச்சம் அடிக்கும், பக்கத்து வீட்டாரின் பார்வையை இழுக்கும், மின்சாரமும் மிச்சம். அந்த சென்சார் உடல் வெப்பம் இடம் மாறுவதைக் கண்டுபிடிக்கிறது. நேராக அதை நோக்கி நடந்து வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை நன்றாகப் பிடிக்கும். அதனால் வழியைப் பார்த்தபடி வைக்காமல், வழி அதன் முன்னால் குறுக்கே போகும்படி பக்கவாட்டில் மாட்டுங்கள். வீட்டுக்குள் ஒரு அறை விளக்கை டைமரில் போட்டு, மாலையில் எரிந்து இரவில் அணையும்படி வைத்தால் ஆள் இருப்பது போலவே தோன்றும்.

ஜன்னலுக்கு வந்தால், கம்பிதான் உறுதி. ஆனால் படுக்கையறையில் ஒரு ஜன்னலாவது உள்ளிருந்து திறக்கக்கூடிய கம்பியாக இருக்கட்டும், தீ விபத்தில் அதுவே வெளியேறும் வழி. பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் ஜன்னலுக்கு, அது ஓடும் பள்ளத்தில் கிடைமட்டமாக ஒரு உறுதியான கட்டையை வைத்தால் போதும். ஜன்னலை ஒட்டி மறைவாக வளர்ந்த செடியை வெட்டி இடுப்புயரத்துக்குக் குறைத்துவிடுங்கள். ஏணியை வெளியே விட்டுவைக்காதீர்கள்.

நாயா, பக்கத்து வீட்டாரா?

நாய் நல்ல காவல்தான். சின்ன நாய் குரைத்தாலும் போதும், அளவு முக்கியமில்லை. ஆனால் நாய் ஒரு உயிர். பத்து பன்னிரண்டு வருடம் சோறும் நேரமும் அன்பும் கேட்கும். காவலுக்காக மட்டும் ஒன்றை வாங்கிச் சங்கிலியில் கட்டிப்போடுவது எனக்குப் பிடிக்காது. நாயை நேசிக்கிறவர் வளர்க்கட்டும், காவல் கூடவே வரும்.

பக்கத்து வீட்டாரோடு உள்ள பழக்கத்துக்குச் செலவே இல்லை. இங்கிலாந்தின் ராச்டேலில் கிர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பில் 1980-களில் ஒரு திட்டம் நடந்தது. ஒரு முறை திருடப்பட்ட வீடு சீக்கிரமே மறுபடியும் திருடப்படுவது அதிகம் என்று கவனித்தார்கள். அதனால் அப்படிப்பட்ட வீட்டைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டாரைக் கண்காணிக்கச் சொன்னார்கள். கூடவே பூட்டுகளை மாற்றினார்கள், காசு போட்டுப் பயன்படுத்தும், அதனால் உள்ளே காசு சேர்ந்து திருடனை இழுக்கும் மின்சார, எரிவாயு மீட்டர்களை எடுத்தார்கள். திருட்டு பாதிக்கு மேல் குறைந்தது. எங்கள் விஷயத்தில், திருட்டு நடந்த பிறகான முதல் சில வாரங்களில்தான் நாங்கள் கேமராவின் விலையை ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம், கதவு பழைய ஸ்க்ரூவிலேயே நின்றது. பக்கத்து வீட்டு அக்காதான் தினமும் மாலையில் வந்து கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனார்.

பெட்டகமா, ஒளித்துவைப்பதா?

தரையிலோ சுவரிலோ போல்ட் போட்டு முறுக்காத சின்னப் பெட்டகம், திருடனுக்குத் தூக்கிப் போக வசதியான பெட்டி. முறுக்கினால் மட்டும் பெட்டகம் வாங்குங்கள். ஒளித்துவைப்பதானால் படுக்கையறை பீரோவும் மெத்தையடியும் வேண்டாம், முதலில் தேடும் இடம் அவைதான். அதே போல மிதியடிக்கும் பூந்தொட்டிக்கும் அடியில் சாவி வைக்காதீர்கள். புது வீட்டுக்குக் குடிபோனால் பூட்டில் சாவி நுழையும் சிலிண்டரை மட்டும் மாற்றிவிடுங்கள், பழைய சாவிகள் எத்தனை பேரிடம் இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது.

இங்கிலாந்து, வேல்ஸ் குற்றக் கணக்கெடுப்பை வைத்துச் செய்த ஆய்வுகளில் நல்ல பலன் தந்த கூட்டணியில் இருந்தவை நான்கு: ஜன்னல் பூட்டு, டைமர் போட்ட உள்விளக்கு, கதவுக்கு இரட்டைப் பூட்டு அல்லது டெட்போல்ட், சென்சார் போட்ட வெளிவிளக்கு. நான்கும் எளியவை. நான்கையும் ஒரே மாதத்தில் வாங்க முடியாது என்றால் கதவிலிருந்து தொடங்குங்கள். இன்று மாலையே ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, முன்கதவு நிலையில் பூட்டின் நாக்கு நுழையும் தகட்டிலிருந்து ஒரே ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நகத்தளவுதான் இருக்கிறது என்றால் நாளைக்கே நீளமானதை வாங்கிப் போட்டுவிடுங்கள்.