வாட்ஸ்அப் பாடமா, போன் கால் பாடமா? மகளிர் குழுக்களுக்கு எது சரிப்படும்?

கன்னியாகுமரி மாவட்டத்தில் விளவங்கோடு பக்கத்து மகளிர் குழுக்களுக்குப் பெண்ணுரிமைப் பாடங்களை போன் வழியாகக் கொண்டுபோகலாம் என்று முடிவானபோது எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. வாட்ஸ்அப் குழுவில் வீடியோவும் வாய்ஸ் மெசேஜும் போடுவது, பதிவுசெய்த பாடத்தை எல்லோருக்கும் போன் காலாக அனுப்புவது, சான்றிதழ் தரும் ஆப்பில் சேர்த்துவிடுவது. நாங்கள் போன் காலை எடுத்தோம். இதே யோசனையில் இருப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

ஆப் கல்லூரிப் பெண்களுக்கு நல்லது. மெயில் ஐடி, ஓடிபி, பாஸ்வேர்ட் என்று தொடங்கும் எதுவும் எங்கள் குழுக்களில் பாதி பேருக்கு ஆகாது. அதை அங்கேயே விட்டுவிட்டோம்.

வாட்ஸ்அப்பை அப்படித் தள்ள முடியாது. தனியாகச் செலவில்லை, படம் காட்டலாம், கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லலாம். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் மாநிலத்திலேயே முதலில் நின்ற மாவட்டம் இது. எழுத்தில் அனுப்பினாலும் பெரும்பாலோர் படித்துவிடுவார்கள். மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் தொடங்கிய கில்காரி என்னும் போன் கால் திட்டம், கர்ப்பிணிகளுக்கு வாரம் ஒரு பதிவுசெய்த அழைப்பு அனுப்புகிறது. வாசிக்கத் தெரியாதவருக்கும் அது போய்ச் சேரும் என்பது அதன் பெரிய பலம். எங்களுக்கு அந்தக் காரணம் தேவைப்படவில்லை.

எங்கள் காரணம் வேறு: போன் யாருடையது?

வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கும். பகலில் அது கணவரோடு வேலைக்குப் போகும், ராத்திரி மகன் கையில் இருக்கும். அந்த அக்காவுக்கென்று இருப்பது ஒரு பட்டன் போன். வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் பாடத்தை முதலில் திறந்து பார்ப்பவர் அவராக இருக்கமாட்டார். ரப்பர் வெட்டு பற்றிய பாடம் என்றால் யார் பார்த்தாலும் பரவாயில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பற்றிப் பேசும்போது அப்படி இருக்க முடியாது. வீடு யார் பெயரில் இருந்தாலும் மனைவிக்கு அங்கே குடியிருக்கும் உரிமை உண்டு, உதவிக்கு 181-ஐ எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம் என்று சொல்லும் மெசேஜ், யாரைப் பற்றிப் பேசுகிறதோ அவர் கண்ணிலேயே படும். அழித்துவிடலாம்தான். ஆனால் ‘எதை அழிச்ச?’ என்று கேட்பவர் இருக்கும் வீட்டில் அதுவே புதுச் சண்டைக்குக் காரணம். போன் கால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு ஒரு நம்பர்தான் மிஞ்சும். குழுவில் சேர்ந்தால் தன் நம்பர் எல்லோருக்கும் தெரியும் என்ற பயமும் இதில் இல்லை.

இன்னொன்று, கை. அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வருஷக்கணக்கில் கொட்டை உடைத்தவர்களின் விரல்களைப் பாருங்கள். தோட்டெண்ணெய் பட்டுத் தோல் உரிந்து, கறுத்து, ரேகையே தேய்ந்திருக்கும். ரேகை வைத்துத் திறக்கும் போன் அந்த விரலுக்குத் திறக்காது. பட்டன் போனில் பச்சையை அமுக்கினால் போதும்.

அதனால் எங்கள் போன் கால் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போகிறது. ஒருத்தி போனை ஸ்பீக்கரில் போட்டு டிபன் பாத்திரத்தின்மேல் சாய்த்து வைப்பாள். சுற்றி நாலைந்து பேர் கேட்பார்கள். பேச்சை அதிகம் கிளப்பிய பாடம் சொத்துரிமைதான். இந்தப் பகுதி திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் வந்த 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டத்தில் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951-லேயே நடைமுறையில் இல்லாமல் போய்விட்டது என்றது. அப்பா உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கும் மகனுக்கும் இப்போது சமபங்கு. இருந்தும் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது நிற்கவில்லை. “ஸ்ரீதனம் தந்துதானே கெட்டிக் குடுத்தாவ, பொறவு என்ன பங்கு மைனி?” என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் பதில் சொல்லத் தொடங்கினார்கள். தனித்தனியாக வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தால் இந்தப் பேச்சு நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

போன் காலிலும் தொல்லை உண்டு. நிமிடக் கணக்கில் செலவு நம் தலையில். தெரியாத நம்பர் என்றால் லோன்காரன், மோசடிக்காரன் என்று கட் செய்துவிடுவார்கள். முன்னமே கூட்டத்தில் நம்பரைச் சொல்லி ‘குழு அக்கா’ என்று சேவ் செய்துகொடுக்க வேண்டும். ரீசார்ஜ் முடிந்து கொஞ்ச நாள் போனால் இன்கமிங்கும் நின்றுவிடும். படிவம், பட்டா மாதிரி கண்ணால் பார்க்க வேண்டியவற்றுக்குப் போன் கால் உதவாது. கேட்பவருக்கு மட்டும் அதை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். கேள்வி இருந்தால் 1 அமுக்கிப் பேசி வைக்கலாம், பதில் அடுத்த பாடத்தில் வரும். ஆனால் அவசரக்காரருக்கு அது தாமதம்தான்.

கடற்கரை ஊர்களில் எங்களுக்கு அனுபவம் குறைவு. தூத்தூர் பக்கம் ஆண்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருப்பதால் போன் பெண்கள் கையில் இருக்கக்கூடும்; அங்கே வாட்ஸ்அப்பே முந்தலாம். ஆண்களுக்கான பாடங்களை இப்போதுதான் ராத்திரி நேரத்தில் அனுப்பத் தொடங்கியிருக்கிறோம். முழுசாகக் கேட்கிறார்களா, பாதியில் வைத்துவிடுகிறார்களா என்று இன்னும் சில மாதம் பார்த்தால்தான் சொல்ல முடியும்.