வீடியோ ஓடும்போது பிரவுசர் கிராஷ்: விழுவது எது என்று முதலில் பாருங்கள்

வீடியோ பார்க்கும்போது பிரவுசர் கிராஷ் ஆகிறது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில், "கேஷ், குக்கீ எல்லாத்தையும் அழிச்சிடுங்க" என்பதுதான். ஒரே மடிக்கணினியில் பல வருடங்களாக ஸ்ட்ரீமிங் வீடியோ பார்த்து வருகிறேன். இந்தத் தொல்லையோடு நெடுநாள் மல்லுக்கட்டியும் இருக்கிறேன். கேஷை அழித்து ஒருமுறைகூட கிராஷ் நின்றதில்லை. எல்லாத் தளங்களிலும் மறுபடி லாகின் செய்ய வேண்டி வந்ததுதான் மிச்சம். பக்கம் அரைகுறையாகத் திறப்பது, பழைய பக்கமே வந்து நிற்பது போன்றவற்றுக்கு அது நல்ல வழி. கிராஷுக்குக் காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கிறது.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, விழுவது எது என்று கவனித்தாலே போதும். இன்றைய பிரவுசர் ஒரே புரோகிராமாக ஓடுவதில்லை. குரோம் 2008இல் வந்தபோதே டேப்களைத் தனித்தனி புரொசஸ்களாக, அதாவது தனித்தனியே ஓடும் புரோகிராம்களாகப் பிரித்து ஓட்டியது. ஃபயர்பாக்ஸ் 2016இல் அந்த வழிக்கு வரத் தொடங்கியது. திரையில் வரைவதற்கும் கிராபிக்ஸ் சிப்பின் உதவியோடு வீடியோவை டிகோட் செய்வதற்கும் (சுருக்கி வைத்ததைப் படமாக விரிப்பதற்கும்) ஜிபியு புரொசஸ் என்று தனியாக ஒன்று இருக்கிறது. ஆகவே வீடியோ ஓடும் டேப் மட்டும் செத்துப்போய், மற்ற டேப்கள் நன்றாக இருந்தால், அந்தப் பக்கத்தையோ மெமரியையோ ஏதாவது எக்ஸ்டென்ஷனையோ சந்தேகப்படலாம். ஜன்னல் முழுவதும் ஒரு நொடி கறுத்துவிட்டுத் திரும்பி வந்தால், ஜிபியு புரொசஸ் விழுந்து மறுபடி எழுந்திருக்கிறது. அது அடுத்தடுத்து விழுந்தால் குரோம் கிராபிக்ஸ் சிப்பை விட்டுவிட்டு எல்லாவற்றையும் கணினியின் மைய சிப்பான பிராசஸரிடமே கொடுத்துவிடும். "கிராஷ் நின்னுடுச்சு, ஆனா பிரவுசர் மந்தமாயிடுச்சு" என்று சிலர் சொல்வதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

பிரவுசர் மட்டுமின்றி மொத்தத் திரையும் இருண்டு திரும்பினால் விழுந்தது டிரைவர், அதாவது கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருள். கிராபிக்ஸ் சிப் 2 நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதை ரீசெட் செய்துவிடும். விண்டோஸ் தன் கோளாறுகளைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதிக்குப் போய், 'டிஸ்ப்ளே' என்ற பெயரில் 4101 என்ற எண்ணோடு பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிரவுசரை நோண்டுவதில் பயனே இல்லை. கணினியே அணைந்து ரீஸ்டார்ட் ஆனால் சூடு, மின்சப்ளை, ரேம் இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

என் கணினியில் நடந்தது ஜிபியு புரொசஸ் விழும் வகை. ஆனால் எல்லா வீடியோவுக்கும் விழவில்லை. ஒரே தளத்தில் ஒரு வீடியோ மணிக்கணக்கில் ஓடும், அடுத்தது ஃபுல்ஸ்கிரீன் போட்டதுமே படுத்துவிடும். நெட் வேகம், வீடியோவின் நீளம், ரெசல்யூஷன் என்று எதோடும் பொருந்தி வரவில்லை. விடை கிடைத்தது யூடியூப் பிளேயரிலேயே. வீடியோ மேல் ரைட் கிளிக் செய்தால் கடைசியில் 'ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்று ஒன்று வரும். அதில் கோடெக் (வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறை) என்ற வரியைப் பாருங்கள். ஏவிசி1 என்று தொடங்கினால் எச்.264, விபி09 என்றால் விபி9, ஏவி01 என்றால் ஏவி1. ஒரே வீடியோவையே இப்படி வெவ்வேறு வடிவங்களில் வைத்திருந்து, பார்ப்பவரின் கருவிக்கு ஏற்ற மாதிரி அனுப்புகிறார்கள். கிராஷ் ஆன ஒவ்வொன்றும் விபி9. எச்.264 ஒன்றுகூட விழவில்லை.

ஏவி1 வீடியோக்களும் விழவில்லை என்பது முதலில் புரியாமல் இருந்தது. பிறகு விளங்கியது. ஏவி1 வெளியானது 2018இல். அதை டிகோட் செய்யும் வசதி கணினி கிராபிக்ஸ் சிப்களில் பரவலாக வர ஆரம்பித்தது 2020 வாக்கில், இன்டெல்லின் 11ஆம் தலைமுறை, என்விடியாவின் 30 வரிசை காலத்தில். என்னுடையது அதற்கு முந்தைய சிப். ஆகவே ஏவி1 வந்தால் வேலை முழுவதையும் பிராசஸரே செய்தது. ஃபேன் இரைந்தது, ஃபிரேம்கள் விட்டுப்போயின, ஆனால் கிராபிக்ஸ் டிரைவரின் டிகோடர் பக்கம் போகவே இல்லாததால் எதுவும் விழவில்லை. அப்படியானால் கோளாறு டிரைவரில், அதுவும் விபி9 டிகோட் செய்யும் இடத்தில்.

இதை உறுதிசெய்யத்தான் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை, அதாவது வேலையை கிராபிக்ஸ் சிப்பிடம் கொடுக்கும் வசதியை, அணைக்க வேண்டும். குரோமில் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியிலும், ஃபயர்பாக்ஸில் ஜெனரல் பக்கத்தில் பெர்ஃபார்மன்ஸ் என்ற இடத்திலும் இருக்கிறது. அணைத்துவிட்டு பிரவுசரை மூடித் திறக்க வேண்டும். அணைத்தேன், கிராஷ் நின்றது. பெரும்பாலான வழிகாட்டிகள் இங்கேயே முடித்துவிடுகின்றன. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அது ஒரு சோதனை, தீர்வல்ல. மாதக்கணக்கில் அப்படியே வைத்திருந்து பார்த்தேன். பேட்டரி கண்முன்னே இறங்கியது. விநாடிக்கு 60 ஃபிரேம் வீடியோக்கள் தடுக்கித் தடுக்கி ஓடின. கனமான பக்கங்களை ஸ்க்ரோல் செய்வதுகூட இழுவையாக இருந்தது. காலில் முள் குத்தியதற்கு நடப்பதையே நிறுத்திக்கொள்வது போன்றது இது.

இடைக்கால ஏற்பாடாக இதைவிட நல்லது ஒன்று உண்டு. யூடியூபிடம் எச்.264 மட்டுமே கேட்கும்படி செய்யும் எக்ஸ்டென்ஷன்கள் இருக்கின்றன. அதைப் போட்டால் ஆக்சிலரேஷன் இருந்தபடியே இருக்கும், பழைய சிப்புக்கும் சுகம். ஒரே குறை, யூடியூபில் எச்.264 1080பி வரைதான், 4கே கிடைக்காது. என் திரைக்கு அது இழப்பே இல்லை.

நிரந்தரத் தீர்வு டிரைவரில்தான் கிடைத்தது. விண்டோஸ் அப்டேட் தருவது, மடிக்கணினி தயாரிப்பாளர் தருவது, சிப் தயாரிப்பாளர் தருவது என்று ஒரே சிப்புக்கு மூன்று இடத்திலிருந்து டிரைவர் கிடைக்கும். மூன்றின் தேதியும் ஒன்றாக இருக்காது. என்னிடம் இருந்தது மடிக்கணினியோடு வந்த பழையது. அதை அடியோடு நீக்கிவிட்டு, சிப் தயாரிப்பாளரின் புதியதைப் போட்டதும் விபி9 கிராஷ் ஒழிந்தது.

ஆனால் சில மாதம் கழித்துத் திரும்பவும் ஆரம்பித்தது. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து டிரைவர் தேதியைப் பார்த்தால், பழைய தேதி! விண்டோஸ் அப்டேட் சத்தமில்லாமல் பழையதை மேலே போட்டிருந்தது. அன்றிலிருந்து, நன்றாக ஓடும் டிரைவரின் இன்ஸ்டாலரைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகும் முதலில் அந்தத் தேதியைத்தான் பார்ப்பேன். "நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சே" என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியதும் அதுதான்.

டேப் மட்டும் சாகும் வகையையும் பார்த்திருக்கிறேன். நீண்ட நேர லைவ் ஸ்ட்ரீம்களில், பக்கத்தில் சாட் ஓடிக்கொண்டே இருக்கும்போது வரும். குரோமில் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் அதன் சொந்த டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் அந்த டேபின் மெமரி ஏறிக்கொண்டே போவது தெரிந்தது. சாட்டை மூடி வைத்ததும் ஏற்றம் நின்றுவிட்டது. எக்ஸ்டென்ஷன் மேல் சந்தேகம் என்றால் இன்காக்னிட்டோ ஜன்னலில் அதே வீடியோவை ஓட்டுங்கள். நீங்களாக அனுமதி கொடுக்காதவரை எக்ஸ்டென்ஷன்கள் அங்கே வேலை செய்யாது.

எந்தச் செய்தியும் இல்லாமல் பிரவுசர் மொத்தமாக மறைந்துபோனால், திரையைப் பதிவுசெய்யும் மென்பொருள், ஆன்டிவைரஸ் மாதிரி பிரவுசருக்குள் தங்கள் கோடை நுழைக்கும் புரோகிராம்களைப் பாருங்கள். ஃபயர்பாக்ஸின் கிராஷ் ரிப்போர்ட்டில் சிக்னேச்சர் என்ற வரியில் பெரும்பாலும் குற்றவாளியின் கோப்புப் பெயரே இருக்கும். என்வி என்று தொடங்கினால் என்விடியா டிரைவர், ஐஜி என்றால் இன்டெல், ஏடிஐ என்றால் ஏஎம்டி. உதவி கேட்கும்போது இந்த வரியையும் டிரைவர் தேதியையும் கோடெக் பெயரையும் சேர்த்துச் சொன்னால், பதில் சொல்பவருக்குப் பிடி கிடைக்கும்.

ஃபிளாஷ் பிளேயரை அப்டேட் செய்யச் சொல்லும் பழைய ஆலோசனைகள் இன்னும் சுற்றுகின்றன. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்று ஏதாவது தளம் அதை இன்ஸ்டால் செய்யச் சொன்னால் உடனே மூடிவிடுங்கள். உள்ளே வருவது நிச்சயம் ஃபிளாஷ் அல்ல.

எனக்கு இன்னும் தீராதது ஒன்றுதான். வீடியோவை பாஸ் செய்துவிட்டு மடிக்கணினியை மூடி, ஸ்லீப்பிலிருந்து எழுப்பினால் சில சமயம் ஜிபியு புரொசஸ் விழுகிறது. டிரைவரை மாற்றியும் முழுதாகப் போகவில்லை. இப்போதைக்கு, மூடுவதற்கு முன் வீடியோ டேபை மட்டும் மூடிவிடுகிறேன். அப்படிச் செய்தால் வருவதில்லை.