டெமோவில் ஓடிய டாங்கிள் வேறு, பையில் வந்த டாங்கிள் வேறு: லினக்ஸ்காரர்கள் கவனத்துக்கு

லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம்) போட்ட லேப்டாப்புக்கு யூஎஸ்பி வைஃபை டாங்கிள் (யூஎஸ்பி துளையில் செருகினால் வைஃபை தரும் குட்டிக் கருவி) வாங்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். கடையில் நம் கண் முன்னால் ஓட்டிக் காட்டுவது ஒரு டாங்கிள். சீல் உடைக்காமல் கையில் கொடுப்பது இன்னொரு டாங்கிள். பெட்டி, படம், மாடல் எண் எல்லாம் ஒன்றுதான், உள்ளே இருக்கும் சிப் மட்டும் வேறு. எனக்கு இது குன்னூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நடந்தது. கடைப் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது நடக்கட்டும்.

லேப்டாப், அக்கா மகளுக்கு பிளஸ் டூவில் அரசு கொடுத்தது. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் (இந்தியாவில் உருவான ஒரு லினக்ஸ்) போட்டே கொடுத்தார்கள். பாதிப் பேர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். இப்போது அவள் தம்பி கல்லூரிப் படிப்புக்கு அதைத்தான் வைத்திருக்கிறான். விண்டோஸ் ஆமை வேகத்துக்கு வந்துவிட்டதால் நான்தான் லினக்ஸ் மிண்ட் 21 போட்டுக் கொடுத்தேன். நன்றாகவே ஓடியது. கோத்தகிரி மழைக்காலம் ஒன்றில் உள்ளே இருந்த வைஃபை கார்டு செத்துப்போனது. அதற்குப் பதிலாகத்தான் டாங்கிள்.

லினக்ஸுக்கு எந்த டாங்கிளும் சரிப்படும் என்று நம்பி வாங்கக் கூடாது என்பது தெரியும். அதனால் லேப்டாப்பையே தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் பெட்டியைத் திருப்பிக் காட்டினான். விண்டோஸ் சின்னம், ஆப்பிள் சின்னம், பக்கத்தில் குட்டிப் பெங்குயின். "லினக்ஸ்லயும் ஓடுங்ணா, பெங்குயின் போட்டிருக்கு பாருங்க" என்றான். ஓட்டிக் காட்டச் சொன்னேன். மேசை டிராயரில் இருந்து ஒரு டாங்கிளை எடுத்துச் செருகினான். கடை வைஃபை உடனே பட்டியலில் வந்துவிட்டது. கட்டளை தட்டும் டெர்மினல் திரையில் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கொடுத்துப் பார்த்தேன். செருகியிருக்கும் யூஎஸ்பி சாதனங்களின் அடையாள எண்ணைக் காட்டும் கட்டளை அது. 148எஃப்:7601 என்று வந்தது. அது மீடியாடெக் எம்டி7601யூ என்ற சிப்பின் எண். 2015-இல் வந்த கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 4.2-இல் இருந்தே அதற்கான டிரைவர், அதாவது சிப்பை இயக்கும் மென்பொருள், கர்னலுக்குள் இருக்கிறது. வேகம் பெரிதாக இருக்காது, ஆனால் வம்பில்லாத சிப்.

இதையே கொடு என்றேன். "டெமோ பீஸுங்ணா, எத்தனை பேர் கை பட்டிருக்கும். உங்களுக்கு சீல் பீஸ் தர்றேன், அதே மாடல்தான்" என்றான். விலை 450 ரூபாய். பில்லில் எழுதியது 'வைஃபை யூஎஸ்பி – 1', அவ்வளவுதான். பிராண்டும் இல்லை, மாடலும் இல்லை.

வீட்டில் செருகியதும் வைஃபை வரவில்லை, திரையில் ஒரு சிடி ஐகான் வந்தது. திறந்தால் உள்ளே விண்டோஸுக்கான செட்டப் ஃபைல் ஒன்று. லினக்ஸ் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர்கூட இல்லை. எல்எஸ்யூஎஸ்பியில் 0பிடிஏ:1ஏ2பி. ரியல்டெக்கின் சில சிப்கள் இப்படித்தான். செருகியவுடன் தன்னை ஒரு சிடி டிரைவாகக் காட்டிக்கொள்ளும், விண்டோஸ்காரர்கள் அதிலிருந்தே டிரைவரை நிறுவிக்கொள்ளட்டும் என்று. அந்த சிடியை எஜெக்ட் செய்தால்தான் வைஃபை முகத்துக்கு மாறும். எஜெக்ட் செய்தேன், எண் 0பிடிஏ:பி711 என்று மாறியது. அது ஆர்டிஎல்8188ஜியூ. மிண்ட் 21-இல் இருந்த கர்னல் 5.15-க்கு இந்தச் சிப்பைத் தெரியாது.

மறுபடி கடைக்குப் போனபோது ஓனரே இருந்தார். எண்ணைக் காட்டியதும் அவருக்கு ஆச்சரியமே இல்லை. "பழைய லாட்ல அந்தச் சிப் வந்துச்சு சார். இப்ப வர்றதெல்லாம் இதுதான். விண்டோஸ்ல போட்டா ஒரு பிரச்சினையும் இல்ல." நான் கோபப்பட்டது இந்த இடத்தில்தான். புது லாட்டில் சிப் மாறிவிட்டது என்று தெரிந்துகொண்டே, பழைய லாட் பீஸை டிராயரில் வைத்து ஆள் ஆளுக்கு ஓட்டிக் காட்டுகிறார்கள். அதை ஏமாற்று என்று சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

பணத்தைக் கேட்டேன். பெட்டி பிரித்ததற்கு 150 ரூபாய் கழித்துக்கொண்டு தருகிறேன் என்றார். பச்சைத் தேயிலை எடை போடும்போது ஈரத்துக்கு என்று கழிப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்கே இந்தக் கழிவு புதிது. அப்புறம் அவரே இன்னொரு வழி சொன்னார்: "350 ரூபா கொடுங்க, லினக்ஸ் டிரைவர் போட்டுத் தர்றேன். நம்ம பையனுக்குத் தெரியும்." மருமகனுக்கு மறுநாளே ஆன்லைன் தேர்வு. சரி என்று கொடுத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் வாங்கும்போது வைஃபை ஓடியது. கிளம்புகிற நேரத்தில் பையன் ஒன்று சொன்னான்: "அப்டேட் மட்டும் போடாதீங்ணா, போட்டா போயிடும்." போனால்? "கொண்டு வாங்க, திரும்பப் போட்டுக்கலாம், 300 ஆகும்." ஒரு டாங்கிளை விற்றுவிட்டு, காலம் முழுக்க அதற்கு வாடகை வசூலிக்கும் ஏற்பாடு.

அவன் சொன்னபடியே ஆனது. மூலையில் இருக்கும் கேடய ஐகானைச் சொடுக்கி மருமகன் அப்டேட் போட்டான், அதோடு புது கர்னலும் வந்தது, ரீஸ்டார்ட் செய்ததும் வைஃபை இல்லை. "மாமா, திரும்ப போயிடுச்சு" என்று போன். போய்ப் பார்த்தால், அவர்கள் செய்திருந்த வேலை இவ்வளவுதான்: எங்கிருந்தோ எடுத்த டிரைவர் மூலநிரலை அன்றைக்கு இருந்த கர்னலுக்கு மட்டும் கம்பைல் செய்து (ஓடும் வடிவத்துக்கு மாற்றி) உள்ளே வைத்திருக்கிறார்கள்.

கர்னலோடு சேராத டிரைவர் ஒரு கர்னலுக்குத் தயாரித்தால் அந்தக் கர்னலுக்குத்தான் உதவும். கர்னலின் உள் அமைப்பு அடிக்கடி மாறும், அதற்குத் தகுந்தாற்போல டிரைவரையும் புதிதாகக் கம்பைல் செய்தாக வேண்டும். இதைத் தானாகச் செய்யத்தான் டிகேஎம்எஸ் என்ற கருவி இருக்கிறது. அதில் ஒரு தடவை பதிந்து வைத்துவிட்டால், கர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரை அதுவே புதுப்பிக்கப் பார்க்கும். கர்னல் ரொம்பத் தாண்டிப் போனால் அதுவும் தடுமாறும்தான், ஆனால் 'அப்டேட்டே போடாதே' என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் லேப்டாப்பில் டிகேஎம்எஸ்ஸை நிறுவக்கூட இல்லை. தெரியாமல் விட்டார்களா, 300 ரூபாய்க்காக விட்டார்களா என்பது அவர்களுக்கே வெளிச்சம். பாதுகாப்பு அப்டேட் எதையும் போடாமல் ஒரு மாணவனின் லேப்டாப்பை வைத்திருக்கச் சொல்வது மட்டும் எந்த வகையிலும் சர்வீஸ் ஆகாது.

உண்மையில் இந்தச் சிப்புக்குக் காசு கொடுத்து டிரைவர் போட வேண்டிய அவசியமே இல்லை. கர்னல் 6.4-இல் இருந்து ஆர்டிஎல்8188ஜியூ கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. ஆர்டிஎல்8எக்ஸ்எக்ஸ்எக்ஸ்யூ என்ற டிரைவரில் சேர்த்துவிட்டார்கள். மிண்ட் 22-இல் வருவது கர்னல் 6.8. ஃபைல்களை பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு மிண்ட் 22-இன் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டேன். டாங்கிளைச் செருகி, சிடியை எஜெக்ட் செய்தேன், வீட்டு வைஃபை வந்துவிட்டது. கம்பைலும் இல்லை, ஒன்றும் இல்லை. இதே சிப் உங்களிடம் சிக்கியிருந்தால் முதலில் யூநேம் (uname -r) கட்டளையில் கர்னல் எண்ணைப் பாருங்கள். 6.4-க்குக் கீழே என்றால் டிஸ்ட்ரோவின் (மிண்ட் போல நீங்கள் போட்டிருக்கும் லினக்ஸ் வகையின்) புதிய பதிப்புக்குப் போவதுதான் சுலபம். அதுவரை இணையத்துக்கு ஆண்ட்ராய்டு போனை கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங் (போனின் இணையத்தை லேப்டாப்புக்குத் தரும் வசதி) ஆன் செய்யுங்கள். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் பெரும்பாலான போன்கள் அதையே லேப்டாப்புக்குக் கடத்தும், டேட்டா செலவாகாது. அந்தத் தேர்வுக்கு முந்தின நாள் இது எனக்குத் தோன்றியிருந்தால் 350 மிச்சம்.

வாங்குகிறவர்கள் மாடல் எண்ணை நம்ப வேண்டாம். பெயருள்ள கம்பெனிகளிலும் ஒரே மாடலுக்குள் சிப் மாறுவது உண்டு. டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் முதல் பதிப்பில் இருந்தது ஏதெராஸ் ஏஆர்9271. லினக்ஸ்காரர்கள் தேடித் தேடி வாங்கியது அதைத்தான். இரண்டாம் பதிப்பில் இருந்து ரியல்டெக் ஆகிவிட்டது. அதனால் பெட்டியில் உள்ள பதிப்பு எண்ணையும் பாருங்கள். பெயரில்லாத டாங்கிளுக்குப் பதிப்பு எண்ணே கிடையாது. கையில் வாங்கப் போகும் அதே பீஸைப் பணம் கொடுப்பதற்கு முன் கவுண்டரிலேயே சீல் உடைத்துச் செருகச் சொல்லுங்கள். எல்எஸ்யூஎஸ்பியில் வரும் எண்ணைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் அந்தக் கடையில் வாங்க வேண்டாம். வெளியூர்க் கடைக்குத் திருப்பிக் கொடுக்க மலை இறங்கி ஏறுகிற பஸ் செலவே டாங்கிள் விலையைத் தொட்டுவிடும் என்பதால் நம் ஊர்க்காரர்கள் பலர் 'போனால் போகட்டும்' என்று விட்டுவிடுகிறார்கள். கடைக்காரர்களுக்கும் அது தெரியும்.

'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்திருந்தால் பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதில் தீராவிட்டால் ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

நான் 1915-இல் பதிந்துவிட்டேன். டெமோ பீஸின் எண், எங்கள் பீஸின் எண் இரண்டையும் புகைப்படமாகச் சேர்த்திருக்கிறேன். அதன் பிறகு கடையிலிருந்து போன் வந்தது. டாங்கிள் பணம் 450-ஐ முழுதாகத் தருகிறார்களாம், டிரைவர் போட்ட 350 மட்டும் 'லேபர் சார்ஜ்' என்பதால் வராதாம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் புகாரை வாபஸ் வாங்குகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.