சிற்றணைக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் என்று சொல்லி வருபவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்: எங்கள் 4,35,000 ரூபாய் போய்விட்டது

நத்தம் பக்கம் மலையடிவாரத்தில் எங்கள் பட்டா நிலத்துக்குள் இருக்கும் சிறிய மண் அணையை ஆய்வு செய்து, பழுது பார்த்து, பாதுகாப்புச் சான்றிதழும் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனம் 4,35,000 ரூபாயை வாங்கிக்கொண்டு எங்களை ஏமாற்றிவிட்டது. சென்ற வாரம் கரை உடையும் நிலைக்கு வந்து, கீழே குடியிருக்கும் குடும்பங்களைக் குழந்தைகளோடு நள்ளிரவில் எழுப்பிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. வழக்குத் தொடர இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. பண்ணைக்குட்டை, ஆழ்துளைக் கிணறு, கரை வேலை போன்றவற்றுக்குக் கைப்பேசிச் செயலி வழியாக ஒப்பந்ததாரர்களைப் பிடித்துக் கொடுக்கும் வகையைச் சேர்ந்தது என்பது மட்டும் போதும்.

எங்கள் அணை தாத்தா காலத்தில் கட்டியது. மேட்டு நிலத்திலிருந்து வழிந்து வரும் மழைநீரைத் தேக்கி மாந்தோப்புக்கும் தென்னைக்கும் விடுகிறோம். கரையின் உயரம் சுமார் 16 அடி, நடுவில் களிமண் சுவர், அடியில் ஓர் இரும்புக் குழாய், வடகோடியில் பாறைமேல் கட்டிய கலிங்கு (மிகை நீர் வழிந்தோடும் இடம்), அவ்வளவுதான். குழாய் வெளியே வரும் இடத்தில் சில காலமாக நீர் கசிந்துகொண்டிருந்தது. மண் கரை என்றால் கொஞ்சம் கசியத்தான் செய்யும். ஆனால் குழாயை ஒட்டிக் கசிவது வேறு விஷயம். குழாய்க்கும் மண்ணுக்கும் இடையில் நீர் வழி கண்டுகொண்டால், மண்ணைச் சிறிது சிறிதாக அரித்து உள்ளேயே பொந்து உண்டாக்கி, ஒரு நாள் மேலே இருக்கும் கரையைக் கீழே இறக்கிவிடும். அதற்கு அஞ்சித்தான் அந்த நிறுவனத்தை அழைத்தோம்.

வந்தவர் பேசிய முதல் பேச்சே எங்களை நம்ப வைத்தது. தலைக்கவசமும் கழுத்தில் அடையாள அட்டையுமாக வந்தவர், கைப்பேசியை எடுக்கும் முன்பே கசிவுக்கு அருகில் மண்டியிட்டு, ஒரு கண்ணாடிக் குவளையில் அந்த நீரைப் பிடித்து வெயிலுக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். “கலங்கல் இல்லைண்ணே, இன்னும் மண்ணை இழுக்க ஆரம்பிக்கலை. இப்பவே செஞ்சா கரை தப்பிச்சுக்கும்” என்றார். தெளிந்த கசிவுக்கும் கலங்கிய கசிவுக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்து பேசுகிற ஒருவரை யார்தான் நம்பமாட்டார்கள்? பிறகு, 2019 ஜூலையில் மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்தில் திவரே அணை இரவு நேரத்தில் உடைந்து கீழே இருந்த வீடுகளை அடித்துச் சென்ற செய்தியைக் காட்டினார். அந்த அணை கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள் என்பதையும் அவரே சொன்னார். 2018 மே மாதத்தில் கென்யாவின் சோலாயில் ஒரு தனியார் பண்ணையின் பாசன அணை உடைந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்ததையும் காட்டினார். சொன்னவை யாவும் உண்மை. அந்த உண்மைகளைக் காட்டித்தான் எங்கள் அச்சத்தைக் காசாக்கினார்கள் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆய்வுக்கு 35,000 ரூபாய், பழுது வேலைக்கு 4,00,000 ரூபாய், ஆக மொத்தம் 4,35,000 ரூபாய். பணம் செயலியின் பொறுப்பிலேயே இருக்கும், வேலை முடிந்ததாக நாங்கள் ஒப்புக்கொண்ட பிறகுதான் ஒப்பந்ததாரருக்குப் போகும் என்றார்கள். வேலை தொடங்கிய அன்று “ஆள் வந்ததைப் பதிவு செய்ய” என்று ஓர் ஓடிபி கேட்டார்கள். வேலை முடிந்தது என்பதற்கான ஒப்புதலாக அந்த எண்ணையே பதிந்திருக்கிறார்கள். மண்வெட்டி கரையில் படும் முன்பே முழுப் பணமும் கைமாறிவிட்டது.

ஆய்வறிக்கை வண்ண அச்சில் வந்தது. ஒவ்வொரு வரியிலும் பச்சை நிறத்தில் சரி என்ற குறி இருந்தது. “மேல்முகக் கான்கிரீட்டில் விரிசல் இல்லை” என்று ஒரு வரி. எங்கள் கரையில் கான்கிரீட் முகமே கிடையாது. உட்சரிவு என்று போட்டிருந்த படத்தில் கருங்கல் படிக்கட்டு தெரிந்தது. எங்கள் அணையில் படிக்கட்டும் கிடையாது. கேட்டதற்கு, அச்சில் படம் மாறிவிட்டது, திருத்திய பிரதி வரும் என்றார்கள். இன்றுவரை வரவில்லை.

குழாயைச் சுற்றிக் கரையைப் பிளந்து, பழைய இரும்பை எடுத்துவிட்டுப் புதுக் குழாய் பதித்து, நீர் குழாயை ஒட்டி ஓடாதபடி இடையிடையே கான்கிரீட் தடுப்பு வளையங்கள் கட்டி, ஈரப்பதம் பார்த்து அரையடி அரையடியாக மண் போட்டு உருளையால் இறுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. வேலை நடந்த நாள்களில் கரை சரியும் அபாயம் இருக்கிறதென்று சொல்லி, சிவப்பு நாடா கட்டி எங்களை அருகிலேயே விடவில்லை. பாதுகாப்பைக் காரணம் காட்டித் திருட்டை மறைத்திருக்கிறார்கள்.

ஐப்பசி மழை பிடித்து, நீர்மட்டம் கலிங்குக்கு இரண்டடி கீழே வந்த இரவில், வாய்க்காலில் தண்ணீர் செந்நிறமாக ஓடுவதைத் தம்பிதான் முதலில் பார்த்தான். குழாய்க்கு நேர் மேலே கரை உச்சியில் ஓர் ஆள் இறங்கும் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. கசிவு வாயைக் களிமண்ணால் அடைக்க ஓடிய எங்களை, பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் தடுத்தார். அடைத்தால் நீர் வேறு இடத்தில் கிழித்துக்கொண்டு வெளியேறும், மணலும் அதன்மேல் ஜல்லியும் கொட்டி, நீரை மட்டும் விட்டு மண்ணைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்றார். வால்வை முழுவதும் திறந்து, ஜேசிபியால் கலிங்குச் சுவரை இடித்து, டீசல் இஞ்சின் வைத்து இறைத்து விடியும் வரை நீரைக் குறைத்தோம். கரை நின்றது. இந்தப் பருவத்துக்கான தண்ணீர் முழுவதும் போய்விட்டது.

நீர் வடிந்தபின் தோண்டியபோதுதான் எல்லாம் தெரிந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த புதுப் பிவிசி குழாய் உள்ளே ஒரு கை நீளம்தான் போகிறது. அதற்குப் பின்னால் தாத்தா போட்ட அதே இரும்புக் குழாய், விரலால் தொட்டாலே உதிரும் துருவோடு கிடக்கிறது. தடுப்பு வளையம் ஒன்றுகூட இல்லை. நிரப்பிய மண்ணுக்குள் சீமைக்கருவேல வேர்க்கட்டைகளும் சிமென்ட் சாக்குகளும் கிடந்தன. இதைவிடக் கொடுமை என்னவென்றால், முன்பு நீர்ப்பக்கம் இருந்த அடைப்புக் கதவை எடுத்துவிட்டு வால்வை வெளிப்பக்கம் மாட்டியிருக்கிறார்கள். அதனால் குழாய் எந்நேரமும் முழு அழுத்தத்தில் நிறைந்திருந்து, துருப்பிடித்த ஓட்டைகள் வழியாக நீரைக் கரைக்குள்ளேயே பீய்ச்சியிருக்கிறது. எதுவும் செய்யாமல் விட்டிருந்தால்கூடக் கரை இவ்வளவு விரைவில் கெட்டிருக்காது.

அழைத்தால் ஒப்பந்ததாரர் எலி வளை என்கிறார், அடுத்த முறை இயற்கைச் சீற்றம் என்கிறார். இணைத்து வைப்பதோடு தங்கள் பொறுப்பு முடிந்தது என்று செயலியின் வாடிக்கையாளர் சேவை சொல்கிறது. சான்றிதழைச் சுட்டிக்காட்டினால், “கண்ணுக்குத் தெரிந்த பகுதிகளின் அன்றைய நிலை மட்டும்” என்று அதன் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கச் சொல்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத குழாய்க்காகத்தானே 4,35,000 ரூபாய் கொடுத்தோம்? நான் பதிந்த புகாரை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் “தீர்க்கப்பட்டது” என்று மூடிவிட்டார்கள்.

2021-ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் உயரத்தில் குறிப்பிட்ட அளவுகளை எட்டும் அணைகளையும்தான் கணக்கில் கொள்கிறது. எங்களைப் போன்றவர்களின் 16 அடிக் கரையை அந்தச் சட்டத்தின்கீழ் எந்த அதிகாரியும் வந்து பார்க்கப் போவதில்லை. அந்த இடைவெளியில்தான் இவர்கள் சான்றிதழ் விற்கிறார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்கு மனம் ஒத்துழைக்கவில்லை. குழாயைப் படம் பிடித்துக் காட்டாத ஆய்வறிக்கைக்குப் பணம் கொடுக்காதீர்கள். மண் நிரப்பும்போது ஒவ்வோர் அடுக்குக்கும் உங்கள் ஆள் ஒருவர் அருகில் நிற்கட்டும். நிற்கக் கூடாது என்றால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். ஓடிபி எதற்கென்று குறுஞ்செய்தியில் முழுதாகப் படியுங்கள். கசிவு கலங்கினால் யாருக்கும் காத்திராமல் முதலில் கீழே இருப்பவர்களை எழுப்புங்கள். ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு, இரண்டு ஆண்டுக்குள் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மனுச் செய்யலாம்.

4,35,000 ரூபாய்க்கான ரசீது, அந்தப் பச்சைக் குறி அறிக்கை, தோண்டியெடுத்த குழாயின் படங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. இதே போன்ற அறிக்கை யாருக்காவது வந்திருந்தால், அந்தக் கருங்கல் படிக்கட்டுப் படம் அதிலும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். என் மனுவோடு சேர்த்துத் தாக்கல் செய்கிறேன்.